வட்டத்துக்கு வாயு

ராத்திரி 11.15-க்கு வட்டம் வார்டுக்குள் வந்தது. மனுஷரை அஃறிணையில் எழுதுவது மரியாதை இல்லை, தெரியும். ஆனால் அவரோடு பதினாலு பேர் வந்தார்கள், வீடியோ எடுத்துக்கொண்டே இரண்டு செல்போன் வந்தது, சீவிய இளநீர் ஒன்று வந்தது. மொத்தத்தையும் சேர்த்து எந்தத் திணையில் சொல்வது? வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மதுரையில் மாவட்டம், ஒன்றியம், பகுதி, வட்டம் என்பதெல்லாம் நிலப்பரப்பு இல்லை, ஆட்கள். "மாவட்டம் சாப்பிட்டுருச்சா?" என்று ஒருவர் கேட்டால் அவருக்குப் பஞ்சத்தைப் பற்றிக் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். வட்டம் என்றால் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. வேட்டியின் கரையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் அப்படியே பொருந்தும்.

வட்டத்துக்கு மேல்வயிற்றில் வலி. அழகர்கோவில் பக்கம் கிடாவெட்டு விருந்து. மத்தியானம் இலையில் உட்கார்ந்தவர் வெயில் தாழ்ந்துதான் எழுந்தாராம். கீழே கேசுவால்டியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, வாயு என்று ஊசி போட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கா பதினாலு பேர் கிளம்பி வந்தார்கள்? யாரோ யாருக்கோ போன் போட்டார்கள். அட்மிஷன் கிடைத்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். வைகைக்குத் தென்கரையா வடகரையா என்பதும் வேண்டாம். நான் சிம்மக்கல்காரன், எந்தக் கரைக்குப் போவதென்றாலும் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. காலில் சர்க்கரைப் புண்ணோடு எங்கள் சின்னம்மா அந்த வார்டில் கிடந்தார். நான் கட்டிலோரம் பாய் விரித்து, கொசுக்களுக்கு இலவச ரத்ததானம் செய்துகொண்டிருந்தேன். 38 கட்டில். ராத்திரி டூட்டிக்கு ஒரு சிஸ்டர், கூட ஒரு பயிற்சி மாணவி. அந்த மாணவிக்கு மூன்றாம் வருஷம். முகத்தைப் பார்த்தால் அவளையே ஒரு கட்டிலில் படுக்க வைக்கலாம் போல இருந்தது.

வட்டத்தைப் பார்த்ததும் சிஸ்டர் என்ன செய்தார் என்பதை ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் மெமோவில் இது கிடையாது. முதலில் ஈ.சி.ஜி. காகிதத்தை வாங்கி ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துத் தானும் ஒருமுறை பார்த்தார். நாடி பிடித்தார், பி.பி. பார்த்தார். இடது கை இழுக்கிறதா, தாடை வலிக்கிறதா, வியர்த்ததா என்று கேட்டார். மொத்தம் நாலு நிமிஷம். ஐம்பது தாண்டிய ஆண் மேல்வயிறு வலிக்கிறது என்றால், அது வயிறா நெஞ்சா என்று தெரியும்வரை அவர்தான் முதல் ஆள். கரைவேட்டி கட்டினாலும் சரி, கைலி கட்டினாலும் சரி. வட்டம் என்பதற்காகக் கொடுத்த நாலு நிமிஷம் இல்லை அது, நெஞ்சு என்பதற்காகக் கொடுத்தது. நெஞ்சு இல்லை என்று தெரிந்ததும், "கொஞ்சம் உட்காருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு 23-ஆம் கட்டிலுக்குப் போனார்.

23-இல் ஒரு பெரியவர். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். சாயங்காலம் வரை முனகிக்கொண்டிருந்தவர், எட்டு மணிக்கு மேல் சத்தமில்லை. தரையில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் சோழவந்தான் பக்கத்து ஊர். "இப்பத்தான் தாயி கண்ணசந்தாக, எழுப்பாதீக" என்றார். வார்டில் எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது. சத்தம் போடுகிறவன் நோயாளி, சும்மா கிடக்கிறவன் குணமாகிறவன் என்பதுதானே பொதுஜன வைத்தியம்.

சிஸ்டர் எழுப்பவில்லை. நெற்றியைத் தொடவில்லை, கைவிரலைத் தொட்டுப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வாட்சைத் திருப்பி வைத்துக்கொண்டு பெரியவரின் நெஞ்சையே பார்த்தபடி நின்றார். முழுசாக ஒரு நிமிஷம். வட்டத்தோடு வந்த ஒருவர் அந்த நேரம் பார்த்து, "சிஸ்டர், புது பெட்ஷீட் எடுங்க, அண்ணன் நிக்கிறார்ல" என்று குரல் கொடுத்தார். சிஸ்டர் திரும்பவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தினார், பொறுங்கள் என்று. எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது.

34.

நல்ல மனுஷனுக்கு நிமிஷத்துக்கு 12-இலிருந்து 20 மூச்சு. லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் 25-ஐத் தொட்டாலே மூச்சு ஒன்றுக்கு மட்டும் உச்சபட்ச மதிப்பெண் 3. உடம்புக்குள் சீழ் ரத்தத்தில் கலக்கிறது என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். பி.பி. கடைசி வரை நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்து, விழும்போது மொத்தமாக விழும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது, பிறகு சிஸ்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் போனில் பேசியது மட்டும் அன்றைக்கே காதில் விழுந்தது.

"சார், 23 சரியில்ல சார். மூச்சு 34. கை ஜில்லுனு இருக்கு. நாலு மணி நேரத்துல யூரின் 40 மில்லிதான்."

அந்தப் பக்கம் என்ன பி.பி. என்று கேட்டிருக்க வேண்டும். "110க்கு 70 சார்." அந்தப் பக்கம் அப்புறமென்ன, நல்லாத்தானே இருக்கு என்றிருக்க வேண்டும். அவரையும் குறை சொல்ல முடியாது. தியேட்டரில் ஒரு வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும் பி.ஜி. மாணவர், அவருக்குத் தூக்கம் போய் எத்தனை நாளோ. பத்து நிமிஷம் கழித்து மறுபடி போன். மூன்றாவது தடவை குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்: "சார், மூணு தடவ கூப்பிட்டேன், நீங்க வரலன்னு டைம் போட்டு கேஸ் ஷீட்ல எழுதிக்கிடவா?"

வேறொரு டாக்டர் ஐந்து நிமிஷத்தில் ஓடி வந்தார். 12.20-க்கு பெரியவர் ஐ.சி.யு. போனார். 12.50-க்கு வட்டத்துக்கு பெட்ஷீட் போடப்பட்டது.

இதில் என் பங்கையும் மறைக்கக் கூடாது. இந்த ஒன்றரை மணி நேரத்தில் நானும் இரண்டு தடவை, "சிஸ்டர், சின்னம்மாவுக்கு டிரிப்ஸ் தீரப் போகுது" என்று கூப்பிட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு உலகத்தின் நடுப்புள்ளி சின்னம்மாவின் டிரிப்ஸ் பாட்டில்தான். 38 கட்டிலுக்கும் 38 நடுப்புள்ளி. அத்தனை நடுப்புள்ளிக்கும் மத்தியில் எது உண்மையான நடு என்று ஒருத்தி தனியாக நின்று தீர்மானிக்க வேண்டும். தப்பாகத் தீர்மானித்தால் ஒரு உயிர். சரியாகத் தீர்மானித்தால் ஒரு மெமோ.

அந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சேவை. மே 12, செவிலியர் தினம் வந்தால் குத்துவிளக்கு, மெழுகுவத்தி, தேவதை, தாய், வெள்ளை உடை, கருணை. மேடையில் பேசுகிறவர் ஒருவராவது "இந்தப் பிள்ளைகளுக்கு மூளை இருக்கிறது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. புன்னகையைப் புகழ்கிறார்கள், பொறுமையைப் புகழ்கிறார்கள். ஈ.சி.ஜி. காகிதத்தை லைட்டுக்கு நேரே பிடித்த கண்ணைப் புகழ மாட்டார்கள். புகழ்ந்தால் சம்பளம் கேட்டுவிடுவார்களே. நம் சினிமா நர்ஸுக்கும் நூறு வருஷமாக ஒரே வேலைதான்: டாக்டர் கண்ணாடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொள்வது.

தேவதைகளின் சம்பளக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் பரீட்சை வைத்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது பேச்சு, மாசம் 7,700 ரூபாய் என்பது சம்பளம். பேச்சு நின்றுபோய் சம்பளம் மட்டும் அப்படியே நின்றது. 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். சம்பளம் போதவில்லை என்றால் வேலையை விட்டுவிடலாமே என்ற பொருளில் உயர் நீதிமன்றம் கேட்டதும் அப்போதுதான். நியாயமான கேள்வி. பல பேர் விட்டுவிட்டுத்தானே இருக்கிறார்கள்; துபாயிலும் லண்டனிலும் அவர்கள் எண்ணும் மூச்சுக்கு நல்ல விலை கிடைக்கிறது. பிறகு 7,700 ரூபாய் 14,000 ஆயிற்று, அப்புறம் 18,000.

2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நாமெல்லாம் வாசலில் நின்று கை தட்டினோம். எங்கள் தெருவில் ஒருவர் எவர்சில்வர் தாம்பாளம் ஒடுங்கும் அளவுக்குத் தட்டினார். அந்த வருஷமே மே மாதத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூ கொட்டினார்கள். கொரோனாவுக்கென்று தமிழ்நாட்டில் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போய்வாருங்கள் என்றார்கள். அடுத்த நாள் புத்தாண்டு. பூ கொட்ட ஹெலிகாப்டருக்கு ஆன எரிபொருள் செலவை நான் கேட்கவில்லை, எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது, சுதந்திரத்தோடு கூடப் பிறந்த பிள்ளை. கவுன்சிலின் அளவுகோல்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொதுவார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். படிக்கச் சுகமாக இருக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளை லிண்டா ஐக்கன் என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2002-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் தலையில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு நோயாளிக்கும், ஆபரேஷன் முடிந்தவர்கள் 30 நாளுக்குள் சாகும் சாத்தியம் 7 சதவீதம் கூடுகிறதாம். அவர்கள் நாலு பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என்று பேசுகிறார்கள். நம் 38-ஐ அந்தக் கணக்கில் போடப் பார்த்தேன். கால்குலேட்டர் கூச்சப்பட்டது.

சிஸ்டரிடம் பின்னால் கேட்டேன்: எல்லாருக்கும் மூச்சு எண்ணுவீர்களா? சிரித்தார். கணக்கு அவரே போட்டுக் காட்டினார். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றால் ஒரு சுற்றுக்கு 38 நிமிஷம், மூச்சுக்கு மட்டும். அதற்குமேல் பி.பி., ஜுரம், மாத்திரை, ஊசி, கட்டு, டிரிப்ஸ், பத்துப் பதினைந்து ரெஜிஸ்டர். "அதனால எல்லாருக்கும் 20 போட்டுருவோம் சார்." நம் ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்களைப் புரட்டிப் பாருங்கள். கட்டில் கட்டிலாக 20, 20, 20. சாதி, மதம், வயசு, வியாதி எதுவும் பார்க்காமல் எல்லாரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்கள். தமிழ்நாட்டில் சமத்துவம் முழுசாக நிறைவேறிய ஒரே இடம் அந்தப் பத்திதான். ஆனால் எந்த 37 பேருக்கு 20 போடலாம், எந்த ஒருவருக்கு நின்று எண்ண வேண்டும் என்று தெரிந்திருக்கிறது பாருங்கள், அதற்குத்தான் படிப்பு, அதற்குத்தான் பத்து வருஷ ராத்திரி டூட்டி. பாடப்புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் இருக்கும். வார்டில் அதன் பெயர் "ஏதோ சரியில்ல சார்".

யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்வி பழசு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் நெப்போலியனின் படையில் லாரே என்று ஒரு சர்ஜன் இருந்தார். பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார். மோசமான காயம் யாருக்கோ அவருக்கு முதலில் கத்தி வை என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். தளபதிக்கு விரலில் கீறல் என்றால், தொடை கிழிந்த சிப்பாய்க்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நெப்போலியனின் தளபதிகள் நின்றார்கள். ஐரோப்பாவைப் பிடித்தவனின் படையில் செல்லுபடியானது எங்கள் வார்டில் செல்லாது. இத்தனைக்கும் எங்கள் வட்டம் வரிசையில் நிற்கத் தெரியாதவர் இல்லை. சிம்மக்கல் கோனார் கடையில் கறிதோசைக்கு இடம் கிடைக்க அரை மணி நேரம் அவர் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கல்லில் தோசை வேகும்வரை பொறுமை உண்டு, பக்கத்துக் கட்டிலில் ஆள் வேகும்போதுதான் அண்ணனுக்குக் கால் கடுக்கிறது.

அரசும் சும்மா இல்லை. டி.ஏ.இ.ஐ. என்ற திட்டத்தில் அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் இப்போதே, மஞ்சள் என்றால் சீக்கிரம், பச்சை என்றால் காத்திருக்கலாம். திட்டம் நல்ல திட்டம், அதனால் பிழைத்தவர்கள் நிறைய. ஆனால் கலர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரனோடு போட்டி போடலாமா? எங்களுக்குக் கலர் என்றால் முதலில் கண்ணில் படுவது மணிக்கட்டுப் பட்டை இல்லை, வேட்டிக் கரை. பட்டை பச்சையாக இருந்தாலும் கரை சரியாக இருந்தால் ஆள் சிவப்பு.

மேலே போகப் போக முன்னுரிமையின் ருசியே வேறு. 2019 ஜனவரி 27-ஆம் தேதி தோப்பூரில் எய்ம்ஸுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கட்டடத்துக்கு முன்னால் மாணவர்கள் வந்துவிட்டார்கள். 2022-இல் அவர்களுக்கு ராமநாதபுரத்தில் வகுப்பு தொடங்கியது. மதுரை எய்ம்ஸின் முதல் வகுப்பைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் தென்கிழக்கே போக வேண்டியிருந்தது. 2021 தேர்தலில் உதயநிதி ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டி, இதுதான் எய்ம்ஸ் என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கல்லுக்கு எங்கள் ஊரில் எப்போதும் மவுசு. சிம்மக்கல்லில் சிங்கம் கல், யானைக்கல்லில் யானை கல். சித்தராக வந்த சொக்கநாதர் சொன்னதும் கல்யானை கரும்பு தின்ற ஊர் இது. பாண்டியனின் முத்துமாலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது என்பார்கள். கல் அசைந்திருக்கிறது. ஃபைல் அசைந்ததாக எந்தப் புராணத்திலும் இல்லை.

அடிக்கல் நாட்டிய அதே வருஷம் மே 7-ஆம் தேதி சாயங்காலம் மதுரையில் காற்றும் மழையும். ராஜாஜி ஆஸ்பத்திரியில் கரண்ட் போனது. வென்டிலேட்டரில் இருந்த ஐந்து பேர் இறந்துபோனார்கள். கரண்ட் போனதால்தான் என்றார்கள் உறவினர்கள். இல்லை, ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்தவர்கள் என்றது நிர்வாகம். வழக்கு, விசாரணை, அறிக்கை என்று எல்லாம் முறைப்படி நடந்தது.

நான் சொல்ல வந்தது அந்தச் சண்டையைப் பற்றி அல்ல. எந்த ஊர் ஐ.சி.யு.விலும் மெஷின் நின்றால் மிச்சம் இருப்பது ஆம்பு பை ஒன்று. ரப்பர் பந்து மாதிரி இருக்கும். தொண்டைக் குழாயில் மாட்டி ஆறு விநாடிக்கு ஒருமுறை கையால் அழுத்த வேண்டும். அழுத்து, விடு, எண்ணு. நிமிஷத்துக்குப் பத்து, மணிக்கு அறுநூறு. ஒரு நர்ஸுக்கு இரண்டு கை, ஒரு பைக்கே இரண்டு கையும் வேண்டும். ஒரு நர்ஸுக்கு இரண்டு கட்டில் கொடுத்திருந்தால் இருட்டில் அவர் எந்தக் கட்டிலுக்கு ஓடுவார்? அந்தத் தீர்மானத்தை அவர் எடுக்கவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டியவர், பராமரிப்பு ஃபைலில் கையெழுத்துப் போட வேண்டியவர், காலியிடத்தை நிரப்ப வேண்டியவர், இவர்கள் எல்லாரும் ஏ.சி. அறையில் எப்போதோ எடுத்துவிட்ட தீர்மானம் அது. கையில் பையை வைத்துக்கொண்டு யாரை விடுவது என்று நிற்கிற பெண்ணுக்கு அதற்கப்புறம் முன்னுரிமை பற்றி ஒரு நாள் பயிற்சி வகுப்பு வேறு நடத்துவார்கள், பஃப்ஸும் டீயும் கொடுத்து.

வருஷா வருஷம் ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கிறது. வைகைக் கரையை அடைக்கக் கூலியாக வந்த சொக்கனைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி ராஜா முதுகில் விழுந்தது, ராணி முதுகில் விழுந்தது, மந்திரி முதுகில், ஊரார் முதுகில், வயிற்றுப் பிள்ளை மேலும் விழுந்தது. குழந்தையிலிருந்து பார்க்கிறேன், இன்றைக்கும் கண் கலங்கும். கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதிகாரி பெருமக்களைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தப் பிரம்பை இப்போது யாரோ ரிப்பேர் செய்துவிட்டார்கள். வார்டில் வேலை செய்கிறவள் முதுகில் விழுந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. டீன் முதுகுக்குப் போவதில்லை, செயலாளர் முதுகுக்குப் போவதில்லை, மந்திரிக்குக் காற்றுகூடப் படுவதில்லை.

பிரம்பு வந்தது. மூன்றாவது வாரம். சின்னம்மாவைக் கட்டு மாற்றக் கூட்டிப்போனபோது சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டார். "ஆச்சி சொன்னாங்க, நீங்க கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்தீங்களாமே சார்." இருந்தேன். முப்பத்தொரு வருஷம். மெமோ அடிப்பதுதான் வேலை. என் கைப்பட அடித்த 17(ஏ), 17(பி) குற்றக் குறிப்பாணைகளை அடுக்கினால் சிம்மக்கல் சிங்கத்தின் உயரம் வரும். எழுதியவன் ஒருவன், கையெழுத்துப் போட்டவன் ஒருவன், வாங்கியவன் மட்டும் எப்போதும் அடிமட்டம். இந்தப் பெண்ணுக்கு 17(பி)கூடக் கிடையாது. ஒப்பந்த ஊழியர், ஒழுங்காகத் தண்டிக்கப்படவும் நிரந்தரம் ஆக வேண்டும். அவருக்கு வந்தது சும்மா ஒரு தாள். பதில் பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தம் நீடிக்காது, அவ்வளவுதான்.

மறுநாள் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம் பக்கத்து டீக்கடையில் அந்தத் தாளைப் பார்த்தேன். என் வம்சத்து நடை. யார் அடித்ததோ, கை சுத்தம். சம்பந்தப்பட்ட நாளன்று இரவுப் பணியின்போது உள்நோயாளி ஒருவருக்குப் படுக்கை விரிப்பு வழங்குவதில் ஒரு மணி முப்பத்தைந்து நிமிட நேரம் காலதாமதம் செய்ததாகவும், கேட்டபோது முகம் கொடுத்துப் பேசாமல் இடது கையைக் காட்டி அவமதித்ததாகவும் வரப்பெற்ற புகாரின் பேரில், தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கான விளக்கத்தை மூன்று தினங்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

இடது கை! மூச்சு எண்ணிக்கொண்டே பொறுங்கள் என்று தூக்கிய கை. வலது கை பெரியவர் நெஞ்சின் மேல் இருந்தது. வட்டத்துக்கு இடது கையால் சைகை செய்ததுதான் வாயுவைவிட அதிகமாக வலித்திருக்கிறது.

பெரியவருக்கு மறுபடி வயிற்றைத் திறந்தார்களாம். பன்னிரண்டாம் நாள் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனாராம். "அது எங்கயாவது ஃபைல்ல இருக்காம்மா?" என்றேன். "டிஸ்சார்ஜ்னு இருக்கும் சார்." ஒருவர் செத்திருந்தால் ஃபைல் உண்டு, விசாரணை உண்டு, யார் டூட்டி என்ற கேள்வி உண்டு. சாகாமல் வீட்டுக்குப் போனவருக்கு அரசாங்கத்தில் பத்தியே கிடையாது.

அவரே ஒரு பதில் எழுதி வைத்திருந்தார். நோட்டுத் தாளில் நேர நேரமாக. 11.20: கட்டில் 23, மூச்சு 34. 11.22: டூட்டி டாக்டருக்கு முதல் போன். 11.32: இரண்டாவது. 11.45: மூன்றாவது. இப்படியே 12.20 வரை. பெட்ஷீட் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. எனக்குப் படித்ததும் சிரிப்பு வந்தது, அனுபவஸ்தன் சிரிப்பு. "ஏம்மா, இப்படி எழுதினா எடுபடாது. எல்லாத்தையும் வச்சுக்க. கடைசில ஒரு வரி சேரு. நம்ம ஆபீஸ் பாஷை அது. எதிர்காலத்தில் இவ்வாறு நிகழா வண்ணம் பார்த்துக்கொள்வேன் எனப் பணிவுடன். அந்த ஒரு வரி இருந்தா யாரும் மேல படிக்க மாட்டாங்க, கோப்பை மூடிருவாங்க."

டீயைக் கீழே வைத்தார். "எது சார் நிகழா வண்ணம்? பெட்ஷீட்டா, மூச்சா?"

முப்பத்தொரு வருஷத்தில் அந்த வரியை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன், ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அந்த வரி இல்லாமலே தட்டச்சு செய்து கொடுத்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். தங்களது விளக்கம் ஏற்புடையதாக இல்லை. படுக்கை விரிப்பு எந்த நேரத்தில் வழங்கப்பட்டது என்ற விவரம் அதில் குறிப்பிடப்படவில்லை.